கைராசிக்காரருக்கு வந்த காய்ச்சல்

எனக்கு ஊர் சுற்றிப் பார்ப்பதில் விருப்பம் கிடையாது. கோயில், கடற்கரை என்று யாராவது கூப்பிட்டால் எரிச்சல்தான் வரும். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாரம் மூடினால் வாடிக்கைக்காரன் அடுத்த கடையில் உட்கார்ந்துவிடுவான். இருந்தும் 1999 மழைக்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு மெட்ராசுக்கு விமானம் ஏறினேன்.

காரணம் என் தங்கை சரோஜா. அப்பா கடைசிக் காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பியபோது அவளையும் கூட்டிப்போய்த் தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார். தொலைபேசியில் அழுதாள். "அவருக்கு மாசக்கணக்கா காய்ச்சல் வந்து வந்து போவுதுண்ணே. ஆளே பாதியா பூட்டாரு. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீ வா."

காய்ச்சல் என்ற சொல்லே அந்த வருஷம் எனக்குக் கிலி. எங்கள் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் அதற்குச் சற்று முன்புதான் ஒரு காய்ச்சல் வந்து ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. கொசு என்றார்கள். தெருத்தெருவாகப் புகை அடித்தார்கள். ஊசி போட்டார்கள். ஊசி போட்டவனும் செத்தான். கடைசியில்தான் சொன்னார்கள், கொசு இல்லை, பன்றி என்று. பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பழம் தின்னும் வௌவாலாக இருக்கலாம் என்றார்கள். காட்டை வெட்டினோம், வௌவால் பண்ணை மாமரத்துக்கு வந்தது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். என் கடையில் மிஞ்சும் சோற்றைத் தன் பன்றிகளுக்கு டிரம்மில் எடுத்துப்போன லிம் அந்தக் காய்ச்சலில்தான் போனான். நல்லவன். புகை அடித்தவர்கள் ஒருநாள் பன்றியையும் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான்.

அந்தக் கோபத்தோடுதான் மெட்ராசில் இறங்கினேன்.

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். டாக்சிக்காரர்கள் பெட்டியைப் பிடுங்காத குறை. எல்லோரையும் திட்டிவிட்டு மின்சார ரயிலில் ஏறினேன். குரோம்பேட்டை தாண்டியதும் ரயில் நின்றது. தண்டவாளத்தில் எருமை. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். எருமை அசை போட்டுக்கொண்டே இருந்தது.

"எறங்கித் தள்ளுங்கப்பா யாராச்சும்" என்றார் ஒருவர்.

"ரயிலயா, எருமையயா?" என்றாள் பூக்கூடைக்காரி.

பெட்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் ரயில் பாதையில் எருமை நின்றால் அடுத்த நாள் பத்திரிகையில் வரும். இங்கே எருமைக்கும் சீசன் டிக்கெட் இருக்கும் போலிருக்கிறது.

தாம்பரத்தில் இறங்கி வெளியே ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். எண்ணெய் மிதந்தது, பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் தொழில் தெரிந்தவன் செய்த வடகறி. இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன். மாடம்பாக்கம் பஸ் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி நின்றுவிட்டது. ரோட்டின் மேல் ஏரித் தண்ணீர். கண்டக்டர், "இதுக்கு மேல கப்பல்தான் போவும், எறங்குங்க" என்றார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன். எதிரே பன்றிக் கூட்டம் ஒன்று, தாயும் குட்டிகளுமாக, என்னைவிட நிதானமாக நீந்திப் போயிற்று. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நோய் இதுதான். கண் முன்னால் போகிறது. இந்த டாக்டர்களுக்குக் கண் இல்லை.

தங்கை வீட்டுக்காரர் ஏகாம்பரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல உடம்புக்காரர். இப்போது சட்டை கம்பியில் மாட்டியது போலத் தொங்கியது.

"வாங்க மச்சான். ரொம்ப எளச்சிட்டேனா?"

"எலும்பு தெரியுது மாப்ளே."

"பகல்ல ஒண்ணும் இல்ல. சாயந்திரம் ஆனா ஒதறும். வேர்த்து ஊத்தும். முதுகு புடிச்சிக்கும். ரெண்டு வாரம் நல்லாக்கீது, மறுபடியும் வந்துரும்."

சரோஜா ஒரு கிண்ணத்தில் சீம்பால் கொண்டுவந்தாள். கன்று போட்ட மாட்டின் முதல் பாலை வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வேகவைத்தது. கத்தியால் வெட்டலாம், வாயில் வைத்தால் கரையும். எதிர் வீட்டு மாடு முந்தாநாள் கன்று போட்டதாம். கன்றை இழுத்துப் போட்டவர் இவர்தானாம்.

"காய்ச்சலோடயா?" என்று கத்தினேன்.

"நான் இன்னாண்ணே பண்றது? தெருவுல எந்த மாடு கன்னு போட்டாலும் இவரு கைதான் படணும். கைராசின்னு வந்து நிப்பாங்க. இவரும் எழுந்து பூடுவாரு."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டுக் கன்னியம்மா உள்ளே வந்தாள். கூடவே மெலிந்த மருமகள். "இன்னா ஏகாம்பரம், எங்க மாடு மடி வுட்ருச்சி, சீக்கிரமே கன்னு போட்டுரும். அதுக்குள்ள எழுந்துக்கோ. வேற ஆளு கை வச்சா எனக்கு மனசு ஒப்பாது." ஏகாம்பரம் முகத்தில் காய்ச்சலையும் மீறி ஒரு பெருமை வந்ததைப் பார்த்தேன். நிலமெல்லாம் பிளாட்டாகி விற்றுப்போயிற்று. ஊரில் அவருக்கு மிச்சம் இருந்த மரியாதை அந்தக் கையில்தான் இருந்தது.

மறுநாள் அவரைத் தாம்பரத்தில் அவர் காட்டிக்கொண்டிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சு முழுக்கக் காய்ச்சல்காரர்கள். டாக்டர் இளைஞர். கெட்டவர் இல்லை. கண்ணில் தூக்கம் இருந்தது.

"டைபாய்டுக்குப் பார்த்தோம். மலேரியாவுக்குப் பார்த்தோம். எடை குறையுது, சாயந்திரக் காய்ச்சல், முதுகு வலி. டிபியா இருக்கலாம். எலும்புல. அடுத்த வாரம் மருந்து ஆரம்பிச்சிடலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"எல்லாத்தையும் கண்ணால பார்க்க முடியாது சார்."

"ஊரெல்லாம் பன்றி சுத்துது. அத யாராவது பார்த்தீங்களா?"

"பன்றிக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க. அடுத்த டோக்கன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "மச்சான், ஊர்ல மானத்த வாங்காதீங்க."

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அவரை வீட்டில் விட்டுவிட்டு அதே ஆட்டோவில் ஏரிக்கரைக்குப் போனேன். பன்றி வளர்ப்பவரும் அவர் மனைவியும் குடிசை முன்னால் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போன வேகத்தில் கத்தினேன். உங்கள் பன்றியால் என் தங்கை வீடு நாசமாகிறது என்றேன். எங்கள் ஊரில் பன்றிகளை ராணுவம் வந்து சுட்டது என்றேன். அந்த ஆள் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் தவிட்டுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொல்றான்?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"வோணாம்ணே."

"சொல்லுய்யா."

"'பன்னிக்கு ஒண்ணும் இல்ல, இந்த ஆளுக்குத்தான் மொதல்ல ஊசி போடணும்'ங்கறாரு."

பிறகு அந்த ஆள் தமிழிலேயே கேட்டார். "சார், உங்க மாப்ள இந்தப் பக்கம் ஒரு நாளாச்சும் வந்துகிறாரா? என் பன்னிய தூரத்துல பாத்தாலே மூக்கப் பொத்திக்கினு அந்தாண்ட போறவரு. அவருக்கு எப்டி ஒட்டும்? நான் இதுங்க கூடவேதான் கெடக்கறேன். என் பொண்டாட்டி கெடக்கறா. எங்களுக்கு இன்னா ஆச்சி?"

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். பதில் இல்லாதபோது எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் திரும்பி வரும் வழியில் அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்தது. லிம்மைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் எதை எதைத் தொட்டான் என்று கேட்டார்கள். நான் இங்கே வந்து, எது அசிங்கமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் மாட்டாஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவதாக இல்லை. டாக்டர் கிண்டலுக்குச் சொன்னதையே செய்து காட்டலாம் என்று மறுநாள் கிளம்பினேன். பஸ் வரத் தாமதம். நிறுத்தத்துக்குப் பின்னால் பெரிய ஆலமரம். கிளைகளில் சாக்கு மூட்டைகள் தொங்கின. சில புதிது, சில கிழிந்து வைக்கோல் தெரிந்தது. ஒன்றின் அடியில் நாய் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. என்ன வேண்டுதலோ என்று பக்கத்தில் நின்ற பெரியவரைக் கேட்டேன்.

"வேண்டுதல் இல்ல சார். மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடிய வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுவோம். பால் வடியற மரமாச்சே. மாட்டுக்கும் அப்டியே பால் பெருகும்."

"யாரு ஏறிக் கட்டறது?"

"நம்ம ஏகாம்பரந்தான். அவரு கட்டுனா மடி ரொம்பும்."

மாட்டாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆட்டின் காலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். நான் பன்றிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். எங்கள் ஊர்க் காய்ச்சலைப் பற்றி அவர் படித்திருந்தார். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த நோய் வேற மாதிரி சார். இத்தனை மாசம் இழுக்காது. உங்க மாப்பிள்ளை என்ன செய்யறார்?"

"மாடு வெச்சிருக்கார். யார் வீட்டு மாடு கன்னு போட்டாலும் இவர்தான் இழுத்துப் போடறது. கைராசியாம்."

ஊசி நின்றது. "வெறுங்கையாலயா?"

"வேற எதால இழுப்பாங்க?"

"நஞ்சுக்கொடி விழலன்னா?"

"அதையும் இவர்தான் எடுப்பார். மூட்டை கட்டி மரத்துலயும் இவர்தான் கட்டறார். இப்பதான் பார்த்துட்டு வரேன்."

"அவர் வீட்டு மாடு எப்பவாவது நிறை மாசத்துக்கு முன்னாடி கன்னு வீசிருக்கா?"

எனக்குத் தெரியாது. அங்கிருந்த தொலைபேசியில் சரோஜாவின் பக்கத்துக் கடைக்குப் பேசி அவளைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தாள். "ஆமாண்ணே. நம்ம மாடு ராணி போன வருசம் ஏழாம் மாசத்துலயே செத்த கன்னா போட்டுச்சி. இவருதான் எடுத்துப் பொதைச்சாரு. இந்தத் தடவ நல்ல கன்னுதான். ஏன்?"

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு தன் மொபெட்டில் கிளம்பிவிட்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். தண்ணீரும் பள்ளமும் கலந்த அந்த ரோட்டில் என் எடையோடு மொபெட் ஓட்டியவரை நான் மறக்க மாட்டேன். வழியெல்லாம் கத்திக் கத்திப் பேசினார். முன்பு அவரவர் மாடு அவரவர் வயலில் மேய்ந்தது. இப்போது வயலெல்லாம் வீடு. மிஞ்சிய ஏரிக்கரைத் துண்டில்தான் எல்லா மாடும் மேய்கிறது, எல்லாம் ஒரே குட்டையில் குடிக்கிறது. சந்தையிலிருந்து யாரோ ஒரு மாட்டை நோயோடு வாங்கிவந்தால் போதும். "அது கன்னு வீசின இடத்துல அடுத்த மாடு மேயும் சார். கிருமி கொடியிலதான் மொத்தமா இருக்கும். மரத்துல கட்டினா காக்கா கொத்தும், நாய் இழுக்கும். கை வெச்சவனுக்கு வெட்டுக்காயம் இருந்தா அது வழியா உள்ள போகும்."

"நான் சீம்பால் சாப்பிட்டேனே!"

"வேகவெச்சதுதானே? பயப்படாதீங்க. காய்ச்சின பால்ல ஒண்ணும் வராது."

ராணி கறுப்பு வெள்ளைக் கலப்பு மாடு. பளபளவென்று இருந்தது. நோய் என்று சொன்னால் பார்த்தவன் அடிப்பான். டாக்டரம்மா கொஞ்சம் பால் கறந்து கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு நீலச் சொட்டு விட்டுக் கலக்கி, வெந்நீரில் நிறுத்தினார். எல்லோரும் சுற்றி நின்றோம். முதலில் பால் முழுவதும் வெளிர் நீலம். பிறகு கீழே பால் மெல்ல வெளுத்தது. மேலே ஆடை ஏறிய இடத்தில் நீலம் போய்ச் சேர்ந்து, வளையல் மாதிரி ஒரு வட்டம் நின்றது. சமையல் செய்பவன் நான். பாலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

"இந்த வட்டம் வந்தா நோய் இருக்கலாம். ஆனா இத மட்டும் நம்பக் கூடாது" என்று மாட்டின் ரத்தமும் எடுத்துக்கொண்டார். பிறகு ஏகாம்பரத்திடம், "உங்க ரத்தத்தை நான் எடுக்க முடியாது. நான் மாட்டு டாக்டர். உங்க டாக்டருக்கு ஒரு சீட்டு தரேன்" என்றார்.

சீட்டோடு மறுபடியும் அதே கிளினிக். டோக்கன் வாங்காமல் உள்ளே போனேன். கம்பவுண்டர் என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். டாக்டர் சீட்டைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இந்த மாட்டுக் காய்ச்சல நான் காலேஜ்ல படிச்சிருக்கேன்" என்றார். "இங்க ஒருத்தர்கிட்டயும் மாடு இருக்கான்னு கேட்டதில்ல."

இதைச் சொல்ல ஒரு மனிதனுக்குத் தைரியம் வேண்டும். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போயிற்று. டிபி மருந்து ஆரம்பிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, நகரத்தில் பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் அனுப்பினார். முடிவு வரும்வரை நான் தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல கருவாடு தேடினேன். வஞ்சிரக் கருவாடு வாங்கிவந்து நானே குழம்பு வைத்தேன். ஏகாம்பரம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். சரோஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

ராணியின் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருந்தது. அவர் ரத்தத்திலும் இருந்தது. ஆறு வாரம் மாத்திரை, கூடவே ஊசி. குணமாகிவிடும் என்றார் டாக்டர். மாட்டுக்கு அப்படி மருந்து கிடையாது என்றார் டாக்டரம்மா. தனியாகக் கட்டு, விற்காதே, இனிச் சினைக்கு விடாதே, தெருவில் எல்லா மாட்டையும் பார்க்க வேண்டும், வீட்டு ஆட்களையும் பார்க்க வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல்.

"தெருவுல சொல்லாதண்ணே" என்றாள் சரோஜா. "இவரு கை பட்ட மாடெல்லாம் கெட்டுச்சின்னு பேசுவாங்க. இந்த ஊர்ல நாங்க எப்டி இருக்கறது? மருந்து சாப்புட்டு நல்லாயிடட்டும். ராணிய வித்துட்டு வேற வேலையப் பாக்கறோம்."

மாட்டுத் தரகரும் அன்று பிற்பகலே வந்துவிட்டார். எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ. "ரொம்ப தூரம் ஓட்டிக்கினு போயிடறேங்கா. அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நல்ல கறவ, பார்த்தாலே தூக்கிப்பாங்க."

நான் எழுந்தேன். எங்கள் ஊரிலும் இதைத்தான் செய்தார்கள். நோய் கண்ட பண்ணைக்காரர்கள் பன்றிகளை அவசர அவசரமாகத் தெற்கே விற்றார்கள். காய்ச்சலும் அதே லாரியில் ஏறிப் போயிற்று. போன இடத்தில் இன்னும் அதிகம் பேர் செத்தார்கள். இதைத் தரகர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். மரியாதையான சொற்களில் சொல்லவில்லை.

"மச்சான், உக்காருங்க" என்றார் ஏகாம்பரம். "மாடு என்துது. நான் பேசறேன்."

அவர் பேசுவதற்குள் கன்னியம்மா ஓடிவந்தாள். முந்தானையெல்லாம் வைக்கோல். "ஏகாம்பரம், சீக்கிரம் வா! கன்னுக்குட்டி காலு தெரியுது. எவ்ளோ நேரமா முக்குது, வரமாட்டேங்குது."

சரோஜா முந்திக்கொண்டாள். "அவருக்கு ஒடம்பு முடியலக்கா. வேற யாரையாச்சும்..."

"சும்மா இரு சரோ" என்றார் ஏகாம்பரம். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார். தன் கைகளைப் பார்க்கவில்லை. கன்னியம்மாவைப் பார்த்தார்.

"கன்னியம்மா, எனக்கு வந்துக்கிற காய்ச்சல் மாட்டுக் காய்ச்சல். ராணிகிட்ட கீது. கன்னு இழுக்கறப்ப ஒட்டிக்குமாம். உன் மாட்டுக்கு போன தடவ நான்தான் இழுத்தேன். அதுக்கு மொத நாளு வேற ஒரு வூட்ல இழுத்துட்டு, கைய சும்மா தண்ணில கழுவிட்டு வந்தேன். யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சின்னு தெரியல. நானே கொண்டாந்திருக்கலாம். இப்ப நான் வந்து கை வெக்க மாட்டேன். டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பு. கையுற போட்டு அவங்க இழுப்பாங்க. கொடிய மரத்துல கட்டாத. ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் பொதை."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சரோஜா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். தூற்றினால் நானும் நாலு வார்த்தை பேசத் தயாராக இருந்தேன்.

அவள் கத்தவில்லை. "அந்த மாட்டுக் கொட்டாய அள்ளிப் பெருக்கறது என் மருமவதான்" என்றாள். "கொடி விழுந்தா அள்ளிப் போடறதும் அவதான். அவளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சி பூட்ச்சி. ராசியில்லாத பொண்ணுன்னு அவள நான் பேசாத பேச்சு இல்ல. அதுவும் இதாலயா?"

எத்தனையோ காரணத்தால் கலையலாம். இதனாலும் இருக்கலாம். எங்கள் நாலு பேரில் யாருக்கும் தெரியாது.

"காலைல அவள டாக்டர்கிட்ட கூட்டினு போலாம்" என்றேன் நான்.

"எந்த டாக்டர்கிட்ட?" என்று கேட்டாள் கன்னியம்மா. "மனுசங்க டாக்டரா, மாட்டு டாக்டரா?"

"ரெண்டு பேர்கிட்டயும்" என்றார் ஏகாம்பரம்.